அம்பலும் அலரும்: உவர்மலையில் ஊர்ப்பேச்சின் இலக்கணம்

1. ஒரு வாக்கியம்

2022 மே 10, செவ்வாய்க்கிழமை. அன்று திருகோணமலையில் வாய்க்கு வாய் போன செய்தியை எழுத்தில் பிடித்தால் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "மகிந்த நேவிக் காம்புக்குள்ளயாம்." முதல் நாள் பிரதமர் பதவியைத் துறந்த மகிந்த ராஜபக்ச, விடியும்போது அலரி மாளிகையை விட்டு வெளியேறியிருந்தார். எங்கே போனார் என்று அரசாங்கம் வாய் திறக்கவில்லை. அரசியல்வாதிகள் சிலர் குடும்பத்தோடு இந்தியாவுக்குத் தப்பிவிட்டார்கள் என்ற கதையைக் கொழும்பிலுள்ள இந்திய உயர் ஸ்தானிகராலயம் மறுத்தது. இதற்கிடையில் திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்கு வெளியே சனம் கூடிக் கோஷம் போடத் தொடங்கிவிட்டது. அவர் உள்ளேதான் இருக்கிறார் என்று பாதுகாப்புச் செயலாளர் கமல் குணரத்ன சொன்னது மறுநாள்.

அரசு சொல்வதற்கு ஒரு நாள் முன்பே ஊருக்குத் தெரிந்திருந்தது. கடற்படைத் தளத்தில் வேலை செய்பவர்களும் அதற்கு மரக்கறி ஏற்றுபவர்களும் குடியிருக்கும் நகரத்தில் இது அதிசயமில்லை. எனக்கு அதிசயமாகப் படுவது அந்த வாக்கியத்தின் கடைசியில் ஒட்டியிருக்கும் 'ஆம்'. சொன்னவர் தன் கண்ணால் பார்க்கவில்லை. யார் சொல்லிக் கேட்டார் என்பதையும் சொல்லவில்லை. பொய்யாகிப் போனால் பொறுப்பு அவருடையதல்ல. ஆனால் அதைச் சொன்ன குரலில் கோபம் இருந்தது, எள்ளல் இருந்தது, ஓர் ஆட்சியைப் பற்றிய முழுத் தீர்ப்பும் இருந்தது.

துறைமுகத்தை அண்டிய தமிழர்கள் பொது விடயங்களில் கருத்துச் சொல்லத் தயங்குபவர்கள் என்று வெளியிலிருந்து வந்து பார்த்துப் போகிறவர்கள் எழுதுவதுண்டு. இக்கட்டுரையின் வாதம் வேறு. அவர்கள் கருத்தைச் செய்தியின் உருவில் சொல்கிறார்கள். அந்த உருவத்தை வாசிக்கத் தெரியாதவருக்கு அது வெறும் வதந்தியாகத் தோன்றும். உவர்மலையை, அதாவது கடித முகவரிகளில் ஓர்ஸ் ஹில் என்று நாம் எழுதும் பகுதியை, களமாக வைத்து அந்த உருவத்தின் இலக்கணத்தைத் தேட முயல்கிறேன். இது வாக்கெடுப்போ கணக்கெடுப்போ அல்ல. பல ஆண்டுகள் காது கொடுத்துக் கேட்டதன் பயன்.

2. சொற்கள்

பொதுசன அபிப்பிராயம் என்றதும் ஜெர்மானிய அறிஞர் யூர்கன் ஹாபர்மாஸ் 1962-இல் எழுதிய நூலை எடுத்துவைப்பது ஆய்வுலக வழக்கம். பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியக் கோப்பிக் கடைகளில் தனிமனிதர்கள் கூடி, அந்தஸ்தை வெளியே விட்டுவிட்டு, நியாயம் பேசி அரசைக் கேள்வி கேட்டார்கள் என்பது அவர் தந்த சித்திரம். அவற்றுக்கு முந்திய இத்தகைய கடைகளை இங்கிலாந்து மன்னன் இரண்டாம் சார்ள்ஸ் 1675 டிசம்பரில் மூடச் சொல்லி ஆணை போட்டு, எதிர்ப்பைக் கண்டு சில நாட்களிலேயே பின்வாங்கினான். பேச்சுக்கு அரசு பயந்தது என்பதற்கு நல்ல சான்றுதான். ஆனால் ஹாபர்மாஸின் கடையில் எல்லோரும் 'நான் நினைக்கிறேன்' என்று தொடங்குகிறார்கள். உவர்மலையில் அப்படித் தொடங்குபவரைக் கண்டால் பக்கத்தில் இருப்பவர் கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வார்.

நமக்கு இதைவிடப் பொருத்தமான இரண்டு சொற்கள் அகத்திணையில் கிடக்கின்றன: அம்பல், அலர். களவொழுக்கத்தைப் பற்றி ஊர் பேசுவதைக் குறிக்கும் இவ்விரண்டையும் உரைகாரர்கள் பிரித்துக் காட்டுவார்கள். சொல்லாக வெளிப்படாமல் அரும்பு நிலையில் முகக்குறிப்பிலும் முணுமுணுப்பிலும் நிற்பது அம்பல். மலர்ந்து எல்லோர் வாயிலும் வெளிப்படையாகப் புழங்குவது அலர். காதலுக்கு ஏற்பட்ட சொற்களை எண்ணெய்க் குதத்துக்கும் தேர்தலுக்கும் இழுத்து வரலாமா என்று தமிழாசிரியர்கள் முகம் சுளிக்கலாம். திருக்குறளில் அலரறிவுறுத்தல் அதிகாரத்தைத் திரும்பப் பார்க்கட்டும். ஊர்ப்பேச்சு தான் பேசும் விடயத்தை வளர்க்கிறது, மூடி மறைப்பவனை வெளியே வரத் தள்ளுகிறது என்பதுதான் அங்கே சொல்லப்படுவது. அரசியற் பேச்சுக்கும் இதைவிட நல்ல இலக்கணம் வேண்டியதில்லை.

அம்பல் எப்போது அலராகிறது, எது அதைத் தடுக்கிறது என்பதே எனது கேள்வி. அதற்கான கருவிகள் நம் பேச்சுத் தமிழின் ஈறுகளில் இருக்கின்றன. 'வருவினமாம்' என்றால் கேள்விப்பட்டது. 'வருவினமாக்கும்' என்றால் என் ஊகம், அடித்துச் சொல்ல மாட்டேன். 'வருவினம்தானே' என்றால் நீயும் ஒத்துக்கொள் என்ற அழைப்பு. 'கதை அடிபடுது' என்றால் சொன்னவர் பலர், பிடிபட ஒருவரும் இல்லை. இவற்றுள் வலிமையானது முதலாவது. ஏனெனில் 'ஆம்' ஒரே மூச்சில் இரண்டு வேலை செய்யும். குரலை மட்டமாக வைத்துச் சொன்னால் அது கேள்விச் செய்தி. குரலைச் சற்றே இழுத்து, "அபிவிருத்தியாம்!" என்று சொன்னால் அதுவே கேலி, அதுவே தீர்ப்பு. எழுத்தில் இந்த வேறுபாட்டைக் காட்டக் குறியீடு கிடையாது. பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலமாக எழுதினாலும் தெரியாது. ஒளிக்கும் ஈறும் தீர்ப்புச் சொல்லும் ஈறும் ஒன்றாகவே இருப்பதுதான் அதன் பாதுகாப்பு.

கருத்தைப் பிறர் வாயில் வைத்துச் சொல்வது திருகோணமலைக்குப் புதிதுமல்ல. இந்த ஊரவரான தி. த. சரவணமுத்துப்பிள்ளை, பின்னர் 1895-இல் 'மோகனாங்கி' என்ற வரலாற்று நாவலை எழுதியவர், பெண்களுக்கு மறுக்கப்பட்ட உரிமைகளைப் பற்றி 1892-இல் சொல்ல வந்தபோது எடுத்துக்கொண்ட வடிவம் தூது. நூலின் பெயர் 'தத்தை விடு தூது'. ஒரு பெண் கிளியிடம் சொல்வதாகப் பாடினால், கண்டிக்க வருகிறவர் கிளியையும் சேர்த்தல்லவா கண்டிக்க வேண்டும்!

3. மலையும் அதன் அலுவலகங்களும்

உவர்மலை உட்துறைமுகத்தை ஒட்டிய மேட்டு நிலம். ஓர்ஸ், உவர் என்ற இரண்டும் காதுக்கு நெருங்கிய ஒலிகள். எது எதிலிருந்து வந்தது என்று வாதிட்டு ஒரு மாலையைக் கழிக்கலாம். விவேகானந்தா கல்லூரி இங்கே இருக்கிறது. கிழக்கு மாகாணக் கல்வித் திணைக்களம் உட்பட மாகாண நிருவாகத்தின் அலுவலகங்களும் இருக்கின்றன. ஆகவே இது குடியிருப்பாக மட்டும் இல்லாமல், அம்பாறையிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் இடமாற்றக் கடிதத்தோடு பஸ் பிடித்து வருகிறவர்கள் ஏறும் மேடாகவும் இருக்கிறது.

இந்த அலுவலகங்களின் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. வடக்குக் கிழக்கு மாகாணங்கள் இணைந்திருந்தபோது திருகோணமலை அதன் தலைநகர். 2006 ஒக்டோபர் 16-இல் உயர் நீதிமன்றம் அந்த இணைப்புச் செல்லாது என்றது. 2008-இலும் 2012-இலும் கிழக்குக்குத் தனியாகத் தேர்தல் நடந்தது. 2017 செப்டெம்பர் முடிவில் சபையின் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் நெடுங்காலம் தேர்தலே வைக்கப்படவில்லை. திணைக்களங்கள் இயங்குகின்றன, கோப்புகள் நகர்கின்றன, ஆளுநர் இருக்கிறார். வாக்குப் போட்டு அனுப்பிய ஒருவரைப் பிடித்துக் கேட்க முடியாது. தெரிவான உறுப்பினர் இல்லாத இடத்தில் கேள்வி எங்கே போகும்? தேத்தண்ணிக் கடைக்குத்தான். அலுவலக வாசலில் சொல்ல முடியாததை, அலுவலகம் முடிந்து இறங்கி வரும் எழுதுவினைஞரின் காதில் படும்படி சொல்வது இங்கே ஒரு கலை.

2012 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள் ஏறத்தாழ 3,80,000. முஸ்லிம்கள் சுமார் 40 சதவீதம், தமிழர் 30, சிங்களவர் 27. எந்தப் பேச்சையும் இன்னொருவர் கேட்டுக்கொண்டிருப்பார் என்ற உணர்வு இங்கே அச்சத்தால் மட்டும் வந்ததல்ல. இந்த எண்கள் தரும் நாகரிகமும்கூட. மூன்றாமவர் கடைக்குள் வந்தால் பேச்சு நிற்பதில்லை, ஈறு மாறுகிறது. 'தானே' உதிர்ந்து 'ஆம்' வந்து உட்காருகிறது.

4. பேசும் இடங்கள்

தேத்தண்ணிக் கடையில் ஒரு பேப்பர் நாலாகப் பிரிந்து நாலு மேசைக்குப் போகும். 1930-இல் தொடங்கிய வீரகேசரியும் 1932-இல் தொடங்கிய தினகரனும் பரம்பரை பரம்பரையாக இப்படித்தான் வாசிக்கப்பட்டன. பிரெஞ்சுச் சமூகவியலாளர் காப்ரியேல் தார்த், நாளிதழ் மக்களுக்குப் பேசும் பொருளைத் தருகிறது என்றும் அது கருத்தாக உருத்திரள்வது உரையாடலில்தான் என்றும் 1901-இலேயே எழுதிவிட்டார். ஹாபர்மாஸைவிட இந்த மனிதர் எனக்கு உவர்மலைக்கு நெருக்கமாகத் தெரிகிறார். செய்தியைச் சத்தமாக வாசிப்பவர் ஒருவர், "இதுக்குள்ள வேற கதை இருக்கு" என்பவர் இன்னொருவர். இந்த இரண்டாமவர்தான் கடையின் ஆசிரியர் தலையங்கம்.

சலூன் வேறு வகை. கழுத்தில் கத்தி இருக்கும்போது மறுத்துப் பேச முடியாதாகையால் அங்கே கருத்து பெரும்பாலும் கத்தி பிடித்தவருடையது. ஓட்டோ தரிப்பிடத்தில் நாளுக்கு நாலு திசைச் செய்தி சேரும். அங்கே வேகம் அதிகம், நிலைப்பு குறைவு.

இவை எல்லாம் ஆண்களின் இடங்கள். பொதுவெளி பற்றிய ஆய்வுகளில் தேநீர்க் கடையை மட்டும் எழுதிவிட்டு எழுந்து போவது பெரிய சோம்பல். பாடசாலை விடும் ஒன்றரை மணிக்கு முன்பாகப் படலையடியில் காத்து நிற்கும் தாய்மார் பேசுவது உண்மையான பொது விடயம்: எந்த ஆசிரியருக்கு இடமாற்றம், ஏன் பதிலுக்கு ஆள் வரவில்லை, புலமைப்பரிசில் வகுப்பு யார் எடுப்பது. முடிவெடுக்கும் திணைக்களம் அதே மேட்டில் இருப்பதால் அந்தப் பேச்சுக்குக் குறியும் கிட்டத்திலேயே இருக்கிறது. கடையில் உலக அரசியல் பேசியவர் வீடு திரும்பி, மனைவி படலையடியில் கேட்டு வந்ததிலிருந்துதான் மாகாண நிருவாகம் என்ன செய்கிறது என்று அறிகிறார்.

செத்தவீட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். பந்தலுக்குள் கதிரை போட்டு, இரவு முழுக்க விழித்திருந்து, எந்த அவசரமும் இல்லாமல் அரசியல் பேசக்கூடிய ஒரே இடம் அது. சட்டம் ஒழுங்கு கெட்ட காலத்திலும் அங்கே கூட்டம் கூடுவதைத் தடுப்பது அரிது. 1977 முதல் இந்தத் தொகுதியின் அரசியலோடு பெயர் பிணைந்திருந்த இரா. சம்பந்தன் 2024 யூன் 30-இல் தம் 91-ஆம் வயதில் இறந்தபோது, ஊரே ஒரு செத்தவீடாக உட்கார்ந்து அரை நூற்றாண்டுக் கணக்கைப் பார்த்தது. உயிரோடிருந்தவரை 'ஆம்' போட்டுப் பேசப்பட்ட குறைகள் சில அன்று ஈறு கழன்று வந்தன. இறந்தவரைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது என்ற மரபு நமக்கும் உண்டு என்பதை எண்ணினால், அது ஒரு வகை மரியாதை என்றே கொள்ள வேண்டும். கணக்குப் பார்க்கத் தகுதியானவரைத்தானே கணக்குப் பார்ப்பார்கள்.

வானொலியைப் பற்றி ஒரு குறிப்புப் போதும். யுத்த காலத்தில் இரவு ஒன்பதேகாலுக்கு பிபிசி தமிழோசை கேட்டவர்கள், மறுநாள் காலையில் 'ஆம்' போடாமல் பேசலாம்: "பிபிசில சொன்னவங்கள்." மணிலாவிலிருந்து வந்த வேரித்தாசும் அவ்வாறே. சாட்சிக்கு ஒரு பெயர் கிடைத்தது. தமிழோசை வானொலி 2017 ஏப்ரல் 30-உடன் நின்றது. இதில் ஒரு முரண்: ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி 1984-இல் திருகோணமலையிலேயே அஞ்சல் ஒலிபரப்பு நிலையம் அமைத்து ஆசியா முழுவதற்கும் ஒலித்தது. 1987 யூலை 29 இந்திய இலங்கை உடன்பாட்டோடு பரிமாறப்பட்ட கடிதங்களில், அந்நிய ஒலிபரப்பு வசதிகள் இராணுவ, உளவு வேலைக்குப் பயன்படாதபடி மீளாய்வு செய்யப்படும் என்றே ஒரு பந்தி உண்டு. நம் ஊர்க் கோபுரம் என்ன பேசுகிறது என்று இரண்டு அரசுகள் கவலைப்பட்டன. நாங்கள் என்ன பேசுகிறோம் என்ற கவலை வேறு ஆட்களுக்கு இருந்தது.

5. நீண்ட நாள் வழக்கு: எண்ணெய்க் குதங்கள்

திருகோணமலையில் எந்தத் தலைமுறையும் பேசி முடிக்காத ஒரு விடயம் சீனன்குடா எண்ணெய்க் குதங்கள். பிரித்தானியர் கட்டியவை, எஞ்சி நிற்பவை 99, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9 ஜப்பானிய விமானத் தாக்குதலில் ஒரு குதம் அழிந்தது. 1957-இல் பிரித்தானியர் தளத்தைக் கையளித்துப் போனார்கள். 1987 கடிதங்களில் குதங்களைச் சீரமைத்து இரு நாடுகளும் கூட்டாக நடத்துவது என்று எழுதப்பட்டது. 2003-இல் இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளை உள்ளே வந்தது. 2022 சனவரி 6-இல் மீண்டும் கையெழுத்து: 24 குதங்கள் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்திய நிறுவனத்துக்கு, 61 கூட்டு நிறுவனத்துக்கு, அதில் 51 சதவீதம் கூட்டுத்தாபனத்தினுடையது. 2025 ஏப்ரல் 5-இல் ஐக்கிய அரபு இராச்சியமும் சேர்ந்து மூன்று நாட்டு உடன்பாடு, இந்த முறை 'எரிசக்தி மையம்' என்ற பெயரில்.

இதைக் கடையில் பேசும்போது எந்த ஈறு வரும்? "திருத்தப் போறாங்களாம்." 1987-இல் சொன்ன வாக்கியமும் இதுதான், 2025-இல் சொன்னதும் இதுதான். முதலாவது நம்பிக்கையோடு சொன்ன 'ஆம்'. கடைசியாகச் சொன்னது இழுத்துச் சொன்ன 'ஆம்'. நான்கு உடன்பாடுகளைப் பற்றிய நான்கு ஆய்வறிக்கைகளை அந்த ஓர் இழுப்பு அடக்கிவிடுகிறது. இங்கே ஊர்ப்பேச்சு அறியாமையில் நிற்கவில்லை, நினைவில் நிற்கிறது. கொழும்புப் பத்திரிகை ஒவ்வொரு கையெழுத்தையும் புதுச் செய்தியாக எழுதும். ஊர் அதைப் பழைய செய்தியாகக் கேட்கும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த எள்ளல் கேள்வி கேட்பதைச் சோம்பலாக்குகிறது. 61 குதங்களின் கூட்டு நிறுவனத்தில் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை எத்தனை, துறைமுகத்து மீனவருக்கு என்ன வரும் என்ற கேள்விகள் 'ஆம்' போட்ட வாக்கியத்தில் ஏற மறுக்கின்றன. ஈறு பாதுகாக்கும், விவரம் கேட்காது.

6. விலை

'ஆம்' இல்லாமல் பேசியதற்கு ஊர் கொடுத்த விலை எழுத்தில் இருக்கிறது. 2006 சனவரி 2 மாலை, திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த குண்டு வெடித்துத்தான் இறந்தார்கள் என்று படைத்தரப்பிலிருந்து ஒரு விளக்கம் வந்தது. சுடரொளிப் பத்திரிகையாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் வெளியாகின. உடல்களில் இருந்தவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் என்று தெரிந்தது. ஊர் அதற்கு முன்பே "சுட்டவங்களாம்" என்று பேசிக்கொண்டிருந்தது. அந்த ஈற்றைப் படம் அறுத்தெறிந்தது. அம்பல் அலரானது. அதே மாதம் 24-ஆம் திகதி காலை, வேலைக்குப் போக நின்ற சுகிர்தராஜனை ஆளுநர் செயலகத்துக்கு அருகே சுட்டுக் கொன்றார்கள். மாணவர் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பாதுகாப்புப் படையினரும் 2019 யூலை 3-இல், சாட்சியம் போதாதென்று விடுவிக்கப்பட்டார்கள்.

சாட்சியம் போதவில்லை என்ற தீர்ப்பை மொழியியல் கண்ணால் பார்த்தால், முழு நகரமும் 'ஆம்' போட்டுப் பேசியது. 'நான் கண்டேன்' என்று நீதிமன்றம் வந்து சொல்லக்கூடியவர்கள் இறந்திருந்தார்கள், அல்லது நாட்டை விட்டுப் போயிருந்தார்கள், அல்லது வாயை மூடியிருந்தார்கள். யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பின்னர் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது 2024 சனவரி 24-இல். பொய்யான கூற்று எது என்று தீர்மானிக்க ஐவர் ஆணைக்குழு அமைக்கும் சட்டம் அது. சுகிர்தராஜன் கொல்லப்பட்ட திகதியோடு அது ஒத்துப்போனது தற்செயல்தான். திருகோணமலையில் நாட்காட்டி பார்க்கிறவர்களுக்கு மட்டும் அது உறுத்தும்.

7. படம் வந்த பிறகு

2005 மே மாதம் நகர மத்தியில், பஸ் நிலையத்தருகே, இரவோடிரவாகப் புத்தர் சிலை வைக்கப்பட்டபோது, ஊருக்கு அது விடிந்ததும் வாய்ச்செய்தியாக வந்தது: "வைச்சிட்டாங்களாம்." ஹர்த்தால் தொடர்ந்தது. இருபது ஆண்டு கழித்து, 2025 நவம்பர் 16-இல் டச்சு வளைகுடாக் கடற்கரையில் இன்னொரு சிலை வைக்கப்பட்டது. அன்றிரவே பொலிஸார் அகற்றினார்கள், மறுநாள் அது திரும்ப வைக்கப்பட்டது. இந்த முறை செய்தி 'ஆம்' சுமந்து வரவில்லை. கைபேசியைத் திருப்பிக் காட்டி "இந்தா பாருங்கோ" என்றார்கள்.

பொதுப்பேச்சின் வரலாற்றில் இது சிறிய மாற்றமல்ல. கேள்விப்பட்டதைச் சொல்லும் ஈறு, கண்ணால் காட்டும் சுட்டுச்சொல்லுக்கு இடம் விட்டது. இனி வதந்தி ஒழிந்தது என்று எண்ண வேண்டாம். ஐந்து நிமிடத்துக்குள் எதிர் மேசையிலிருந்து "அது பழைய வீடியோவாம்" என்று வரும். 'ஆம்' முன்பு செய்தியைத் தூக்கிப் போனது. இப்போது செய்தியைச் சந்தேகிக்கப் பயன்படுகிறது. இடம் மாறியதே தவிர வேலை போகவில்லை. மூன்று சமூகமும் மூன்று கைபேசிக் குழுக்களில் ஒரே காட்சியை வேறு வேறு தொடக்கத்திலிருந்து பார்க்கின்றன. 2018-இலும் 2022-இலும் நகரின் ஒரு மகளிர் கல்லூரியில் ஆசிரியைகளின் அபாயா உடை பற்றி எழுந்த பிணக்கில் இதைக் கண்டோம். தமிழ்க் கடையில் கதை ஓரிடத்தில் தொடங்கியது, முஸ்லிம் கடையில் வேறோரிடத்தில். இரண்டு கடையிலும் தேத்தண்ணி குடிப்பவர் ஒருவராவது இருந்தால் மட்டுமே இரண்டு தொடக்கமும் ஒருவருக்குத் தெரியும். அத்தகையவர்கள் குறைந்து வருகிறார்கள் என்பது என் கவலை.

அலர் நிலையைப் பேச்சுக்கு வெளியே தேடுபவர்களுக்கு இன்னொரு வழி திறந்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உண்டு. எந்த அரச அலுவலகத்திடமும் காரணம் சொல்லாமல் தகவல் கேட்கலாம்; 14 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். எழுதிக் கேட்க வேண்டும், கேட்பவர் பெயர் போட வேண்டும். அந்தப் படிவத்தில் 'ஆம்' போட இடமில்லை.

உவர்மலைக் கடையொன்றில் ஆசிரியர் இடமாற்றம் பற்றி வாதம் சூடேறியபோது, ஒருவர் அந்தச் சட்டத்தை எடுத்துச் சொல்லி, "உங்கட பேரில ஒரு விண்ணப்பம் போடுங்கோவன்" என்றார். மற்றவர் கிளாசைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார். "நான் ஏன் போடோணும்? ஆரோ ஏற்கனவே போட்டிருக்கினமாம்."